சேணம்: எடை இறங்கும் வழி

தோல் வேலையைப் பொழுதுபோக்காகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் பெல்ட்டில் தொடங்குகிறார்கள். அடுத்து பர்ஸ், அதன்பின் தோள்பை. கை ஓரளவு பழகி, தையல் நேராக விழ ஆரம்பித்ததும் பெரிதாக ஏதாவது செய்துபார்க்க வேண்டும் என்ற அரிப்பு வந்துவிடும். அப்போது சிலருடைய கண் போய் நிற்கும் இடம் குதிரைச் சேணம். அதிலும் முன்பக்கம் கொம்பு நீட்டிக்கொண்டு, இருபுறமும் அகன்ற தோல் தொங்கும் மேற்கத்தியச் சேணம். நமக்கு அது அறிமுகமில்லாத பொருளும் அல்ல. லயன் காமிக்ஸின் டெக்ஸ் வில்லர் ஏறி உட்காருவது அதில்தான். 1971-ல் கிருஷ்ணா நடித்த தெலுங்குப் படம் ‘மோசகாள்ளகு மோசகாடு’, 1972-ல் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’ எனக் கவ்பாய் படங்கள் ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டன. சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் இரண்டு மொழிக் கவ்பாய்களுக்கும் ரசிகர்கள் உண்டு.

ஆனால் பையிலிருந்து சேணத்துக்குப் போவது, சின்ன வேலையிலிருந்து பெரிய வேலைக்குப் போவது மட்டுமல்ல. பை தன்னுள் இருப்பதைத் தாங்கினால் போதும். சேணமோ, அசைந்துகொண்டே இருக்கும் ஓர் உடம்பின் எடையை வாங்கி, அசைந்துகொண்டே இருக்கும் இன்னோர் உடம்பின் மேல், அதற்கு வலிக்காத இடங்களில் மட்டும் இறக்க வேண்டும். அதன் ஒவ்வோர் உறுப்பும் ஏதோ ஒரு விசைக்குப் பதிலாக வந்தது. அந்த விசை எங்கே பிறக்கிறது, எந்த வழியாக நடந்து எங்கே இறங்குகிறது என்று பின்தொடர்ந்தால் சேணம் முழுவதும் புரிந்துவிடும். தோலில் பூ செதுக்குவதெல்லாம் அதற்கப்புறம்.

குதிரை இருந்தது, கொம்பு இல்லை

சித்தூர் வட்டாரத்துக்குக் குதிரை புதிதல்ல. விஜயநகர அரசர்களின் பிற்காலத் தலைநகரமான சந்திரகிரி, திருப்பதிக்குப் பக்கத்து ஊர். விஜயநகரம் ஆண்டுக்கு 13,000 குதிரைகளை ஹோர்முஸிலிருந்து வாங்கியதாக 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரான பெர்னாவோ நூனிஸ் எழுதிவைத்திருக்கிறார். குதிரைப்படையை நம்பிப் போர் நடத்திய ஹைதர் அலி 1782 டிசம்பர் 7 அன்று உயிர்விட்டது, சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டை முகாமில். திருமலைப் பிரம்மோற்சவத்தில் வாகன ஊர்வலத்துக்கு முன்னால் அலங்கரித்த யானைகளோடு குதிரைகளும் நடக்கின்றன. எட்டாம் நாள் இரவு சுவாமியே குதிரை வாகனத்தில் எழுந்தருளுகிறார்.

இருந்தும் இந்த மண்ணில் குதிரை போருக்கும் பவனிக்கும் உரியதாகவே இருந்தது. உழவும் வண்டியும் மாட்டுக்கு. குதிரைமேல் ஏறி மாட்டைத் துரத்திக் கயிறு வீசிப் பிடிக்கும் தொழில் இங்கே உருவாகவில்லை. சந்திரகிரியை அடுத்த ரங்கம்பேட்டையில் சங்கராந்தியையொட்டி நடக்கும் மாட்டுத் திருவிழாவில்கூட, காளையை மடக்குகிறவர்கள் தரையில் நின்று வெறுங்கையால்தான் மடக்குகிறார்கள். வேலியில்லாத பெருவெளியில் மந்தை மேய்த்த மெக்சிகோவின் வக்கேரோக்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. ஸ்பானியர் கொண்டுவந்த போர்ச்சேணத்தை அவர்கள் தொழிற்கருவியாக மாற்றினார்கள். நாள் முழுக்க உட்கார வசதியாக இருக்கை ஆழமானது. பிடித்த மாட்டின் கயிற்றைச் சுற்ற முன்னால் கொம்பு வந்தது. இந்தச் சேணத்தின் மேல் இரண்டு வகை விசைகள் விழுகின்றன: மேலிருந்து அழுத்தும் மனித எடை, முன்னாலிருந்து இழுக்கும் மாட்டின் பலம்.

முதுகின் கணக்கு

முதலில் மனித எடை. குதிரையின் மார்புப் பகுதி முதுகெலும்பில் 18 கணுக்கள். அவற்றோடு 18 ஜோடி விலா எலும்புகள். தோளுக்கு நேர் மேலே அந்தக் கணுக்களின் முட்கள் உயர்ந்து எழுந்து ஒரு மேடாகத் தெரிகின்றன. எடையைத் தாங்கத் தகுந்த இடம், முதுகுத்தண்டின் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் தடித்த தசைப்பட்டைகள். அவற்றுக்கு அடியில் விலா எலும்புகள் வளைந்து முட்டுக்கொடுக்கின்றன. தகாத இடங்கள் மூன்று. ஒன்று, நடுவிலுள்ள தண்டு. இரண்டு, முன்னங்கால் நீளும்போதெல்லாம் பின்னோக்கிச் சுழலும் தோள்பட்டை எலும்பு. மூன்று, கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முட்டே இல்லாத இடுப்புப் பகுதி. இந்த மூன்றையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது, இருபுறமும் சுமார் இரண்டு சாண் நீளத்தில் இரண்டு பட்டைகள்தான்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சவாரி செய்பவர் 70 கிலோ, சேணம் 15 கிலோ என்று வைத்தால் மொத்தம் 85 கிலோ. விசையாகச் சொன்னால் ஏறத்தாழ 830 நியூட்டன். சேணத்தின் அடிப்பரப்பு முதுகில் 1,200 சதுர சென்டிமீட்டர் அளவுக்குப் படிகிறது என்று கொண்டால் சராசரி அழுத்தம் சுமார் 7 கிலோபாஸ்கல். இரத்த அழுத்தம் சொல்லும் அலகில் இது 52 மில்லிமீட்டர் பாதரசம். 1930-ல் யூஜின் லாண்டிஸ் மனித விரல் நுனியின் நுண்குழாய்களில் அளந்த இரத்த அழுத்தம் 32 மில்லிமீட்டர் வாக்கில் இருந்தது. வெளியிலிருந்து அதற்கு மேல் தொடர்ந்து அழுத்தினால் அந்த இடத்தில் இரத்த ஓட்டம் நிற்கத் தொடங்கும் என்ற பொதுவிதி அதிலிருந்து வந்தது. மருத்துவமனைகளில் படுக்கைப்புண்ணைப் பற்றிப் பேசும்போதும் இதைச் சொல்வார்கள். குதிரையின் உடம்புக்கு இந்த எண் அப்படியே பொருந்தாவிட்டாலும் ஒன்று விளங்குகிறது. ஒழுங்காகப் படியும் சேணமே எல்லையைத் தாண்டித்தான் நிற்கிறது. குதிரை நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அழுத்தம் ஏறி இறங்குவதால் இரத்தம் இடைவெளி பார்த்து ஓடிக்கொள்கிறது. நீண்ட பயணத்தில் அவ்வப்போது இறங்கி நடப்பதும் இதற்குத்தான்.

அதே சேணம் சரியாகப் படியாமல், நான்கு மூலைகளில் மட்டும் தொட்டு நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று வையுங்கள். தொடும் பரப்பு 400 சதுர சென்டிமீட்டராகக் குறைந்தால் அழுத்தம் மூன்று மடங்காகி 21 கிலோபாஸ்கலைத் தொடும். குதிரை துள்ளுநடை போட்டால் முதுகில் விழும் விசை, நிற்கும்போது இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் எகிறும். இப்படிப் பலநாள் அழுந்திய இடத்தில் மயிர்க்கால்களில் நிறம் உண்டாக்கும் செல்கள் செத்துப்போய், அடுத்து முளைக்கும் மயிர் வெள்ளையாக வரும். கரிய அல்லது செந்நிறக் குதிரையின் தோள்மேட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால், ஏதோ ஒரு காலத்தில் பொருந்தாத சேணம் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அப்படியானால் சேணமே இல்லாமல் வெறும் முதுகில் ஏறினால் குதிரைக்கு நல்லதுதானே என்று தோன்றும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹிலரி கிளேட்டன் குழுவினர் அழுத்த உணரிகள் பதித்த விரிப்பைக் குதிரை முதுகில் போட்டு அளந்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் முதுகுச் சவாரியில் தொடும் பரப்பு சிறியது; மனிதரின் இடுப்பெலும்பு முனைகளுக்கு நேர் கீழே உச்ச அழுத்தம் அதிகம். சேணத்தால் கூடுகிற சில கிலோ எடையைவிட, அது எடையைப் பரப்பிக் கொடுப்பதால் வரும் லாபம் பெரிது.

தோலுக்குள் இருக்கும் மரம்

எடையைப் பரப்பும் வேலையைச் செய்வது தோல் அல்ல, அதற்குள் மறைந்திருக்கும் மரச்சட்டம். அதில் முதன்மையானவை, முதுகின் இருபுறமும் படியும் இரண்டு தாங்குபலகைகள். முன்னால் ஒரு வளைவும் பின்னால் ஒரு வளைவும் இந்த இரண்டையும் இணைக்கின்றன. நடுவில் தண்டின் மேல் ஒரு வாய்க்கால்போல வெற்றிடம் ஓடும். கொம்பு முன்வளைவின் தலையில் பொருத்தப்படுகிறது.

தாங்குபலகையைத் தட்டையாக இழைத்துவிட முடியாது. தோளுக்கு அருகில் குதிரையின் முதுகு செங்குத்தாகச் சரிகிறது. பின்னே போகப்போகக் கிடையாகிறது. ஆகவே பலகையும் முன்னிருந்து பின்னாக முறுக்கிக்கொண்டு போக வேண்டும். நீளவாக்கில் முதுகு சற்றே உள்வாங்கியிருப்பதால் பலகையின் அடிப்பக்கம் அதே அளவுக்குப் புடைத்திருக்க வேண்டும். புடைப்பு குறைந்தால் நான்கு மூலைகள் மட்டும் தொடும். கூடினால் சேணம் நடுவில் ஊன்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடும். பலகையின் முனைகள் உள்ளே குத்தாதபடி வெளிப்புறம் விரிய வேண்டும்.

முதல் சேணம் செய்கிறவர்கள் பெரும்பாலும் சட்டத்தை ஆயத்தமாக வாங்கிவிடுகிறார்கள். அது புத்திசாலித்தனம்தான். ஆனால் அமெரிக்கச் சந்தையில் கிடைக்கும் சட்டங்கள் பெரும்பாலும் அகன்ற, உருண்ட முதுகுள்ள குவார்ட்டர் குதிரைக்காக வடித்தவை. நம் ஊர்ச் சவாரிக் கூடங்களில் காணப்படும் மார்வாரி, காட்டியவாரி குதிரைகள் ஒல்லியானவை, தோள்மேடு எடுப்பானது. அகலமான சட்டத்தை அவற்றின் மேல் வைத்தால் முன்வளைவு கீழே இறங்கித் தண்டில் உட்கார்ந்துவிடும். அதனால் தோலுக்குக் காசு கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது, குதிரையை அளப்பது. வளைத்த வடிவிலேயே நிற்கும் மெல்லிய கம்பியைத் தோள்மேட்டுக்குக் குறுக்காக வைத்து அழுத்தி, அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளலாம். ஒரு கையகலம் பின்னே இன்னொரு அட்டை, கடைசி விலா எலும்புக்கு அருகே மூன்றாவது அட்டை, நீளவாக்கில் நான்காவது. இவை நான்கும் கையில் இருந்தால் வாங்கப்போகும் சட்டத்தின் அடியில் வைத்தே பொருத்தம் பார்த்துவிடலாம். திருப்பதியில் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கடைசி விலா எலும்பு எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுக் காட்ட ஒரு கால்நடை மருத்துவர் கிடைப்பது அங்கே கடினமல்ல.

சட்டத்தைத் தானே செதுக்கிப் பார்க்கத் துணிகிறவருக்கும் இங்கே துணை உண்டு. காளஹஸ்திக்குப் போகும் வழியிலுள்ள மாதவமாலா மரச்சிற்பங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். முறுக்கிப் போகும் பரப்பைக் கண்ணால் அளந்து உளியால் பிடிப்பது அந்தக் கைகளுக்குப் பழக்கமான வேலை. ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கோயிலின் மரக்குதிரைக்கு முதுகுப்புண் வராது, இதற்கு வரும்.

செதுக்கிய மரம் அப்படியே பயன்படாது. அதன்மேல் பச்சைத்தோலை ஈரமாகப் போர்த்தித் தைத்து உலரவிடுவார்கள். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, பதனிடாமல் விட்ட தோல் அது. பறையிலும் தவிலிலும் இருப்பது அதே சரக்குதான். நீர் வெளியேறும்போது தோலின் நார்கள் ஒன்றையொன்று நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. தோல் சுருங்கி மரத்தை நாலாபுறமும் இறுக்குகிறது. அப்போது மரத்தில் எந்த மூட்டும் தனியாக விலக முடியாது. ஈரம் பட்டால் இந்த இறுக்கம் தளர்ந்துவிடும் என்பதால் உலர்ந்தபின் வார்னிஷ் பூசுகிறார்கள்.

கொம்பின் கணிதம்

இனி இரண்டாவது விசை. கயிற்றின் மறுமுனையில் ஒரு காளை இழுக்கிறது. சவாரி செய்பவர் கயிற்றைக் கொம்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொள்கிறார். ஒரு மனிதக் கை எப்படிக் காளையை நிறுத்துகிறது?

கயிறு ஒரு தூணைச் சுற்றும்போது உராய்வு கூட்டல் கணக்கில் வளர்வதில்லை, பெருக்கல் கணக்கில் வளர்கிறது. உராய்வுக் கெழு 0.3 என்றால் ஒரு முழுச் சுற்று, கையின் பிடியை 6.6 மடங்காக்கும். இரண்டு சுற்று 6.6-ஐ 6.6-ஆல் பெருக்கி, ஏறத்தாழ 43 மடங்காக்கும். கையில் 5 கிலோ பிடி இருந்தால் மறுமுனையில் 200 கிலோவுக்கு மேல் தாக்குப்பிடிக்கலாம். ஆய்லர் வகுத்த இந்தச் சூத்திரத்தில் தூணின் பருமன் வரவே வராது. சுற்றிய கோணமும் உராய்வும் மட்டும்தான். கொம்புக்குத் தோலோ ரப்பரோ சுற்றுவது அந்த உராய்வைக் கூட்டத்தான். சுற்றும் அவசரத்தில் கட்டைவிரலைக் கயிற்றுக்கு நடுவே விட்டு இழந்தவர்கள் கவ்பாய்களில் பலர் உண்டு. அதற்கும் காரணம் இதே பெருக்கல்தான்.

காளையின் இழுப்பு கொம்போடு நிற்பதில்லை. கொம்பு உயரத்தில் இருப்பதால் அது நெம்புகோலாக மாறிச் சேணத்தின் முன்பக்கத்தைத் தோள்மேட்டில் அழுத்தி, பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் கயிறு வீசுகிறவர்களின் சேணத்தில் வயிற்றுவார் இரண்டாகிறது. முன்வார் சேணத்தை இடத்தில் பிடித்துக்கொள்ளும். பின்வார் வால்பக்கம் எழும்பாமல் தடுக்கும். வார்கள் சேரும் வளையங்களைத் தோலில் தைத்து மட்டும் விடாமல் சட்டத்தோடு சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்குவதும் இதனால்தான். இழுப்பு போகும் வழியில் எங்கேயாவது வெறும் தையல் மட்டும் நின்றால் அது பிய்த்துக்கொண்டு போகும்.

திருப்பதியில் சவாரிக்கு மட்டும் சேணம் செய்கிறவருக்குக் கொம்பால் வேலை இல்லை. அழகுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் கொம்பைச் சுமக்கத் தடித்த முன்வளைவு, அதற்கேற்ற பின்வார் என்று எடை கூடிக்கொண்டே போகும். அந்த எடையெல்லாம் மேலே போட்ட கணக்கில்தான் சேரும்.

ஆவாரம்பட்டையும் முப்புரிச் சுருளும்

சட்டம் வந்தாயிற்று, அடுத்தது தோல். சித்தூர்க்காரருக்கு இதில் ஒரு பூர்விக உரிமை உண்டு. 1911 வரை சித்தூர், வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகரம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக இருந்த மாவட்டம் அது. அந்தக் காலத்தில் அங்கே தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டை. தெலுங்கில் தங்கேடு என்று சொல்லும் அதே மஞ்சள் பூச்செடி. பட்டைச் சாற்றில் ஊறிய தோலுக்குக் கடைசியில் கடுக்காய் நீர் விட்டு நிறத்தைத் தெளியவைத்து, சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்கு ஏற்றினார்கள். பட்டை போதாமல் போனபோது வாட்டில் மரப்பட்டையும் அதன் சாறும் வெளிநாட்டிலிருந்து வந்தன.

பட்டைச்சாறு தோலுக்குள் என்ன செய்கிறது? தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். அதன் அமைப்பைக் கண்டுபிடித்த கதையிலும் தோல் ஆராய்ச்சி வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கத் தூய கொலாஜன் நாரைத் தேடினார்கள். அடையாற்றில் 1948-ல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து அவர்களுக்குக் கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதைக் கொண்டு மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கும் முப்புரிச் சுருள் அமைப்பை 1954, 1955 ஆண்டுகளில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடமெல்லாம் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் உட்கார்வதால்தான் மூன்றும் இவ்வளவு நெருக்கமாகச் சேர முடிகிறது.

இந்தச் சுருள்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து நாராகின்றன. நார்கள் பின்னித் தோலாகின்றன. பச்சைத்தோலை ஈரத்தோடு 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் சுருள் அவிழ்ந்து தோல் சுருங்கிவிடும். பட்டையின் டானின் மூலக்கூறுகள் பெரியவை. அவை நார்களுக்கு இடையே புகுந்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் பல இடங்களில் பற்றிக்கொண்டு இடத்தை நிரப்புகின்றன. பதனிட்ட தோல் கெட்டியாகவும் கனமாகவும் ஆகிறது. 75 முதல் 85 பாகை வரை தாங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் பரப்பிய குரோம் முறையில், சிறிய குரோமியக் கூட்டணுக்கள் புரதத்தின் அமிலப் பகுதிகளோடு உறுதியாகப் பிணைகின்றன. அந்தத் தோல் கொதிநீரைக்கூடத் தாங்கும், மென்மையானது, சில மணி நேரத்தில் தயாராகிவிடும்.

பிறகு ஏன் சேணத்துக்கு இன்றும் பட்டைத்தோல்? ஈரத்தில் இரண்டும் நடந்துகொள்ளும் விதமே காரணம். பட்டைத்தோலை நனைத்தால் டானினுக்கும் நாருக்கும் இடையிலான பிணைப்புகள் தற்காலிகமாகத் தளர்கின்றன; நார்கள் நகர்ந்து கொடுக்கின்றன. அந்த நிலையில் சட்டத்தின் மேல் இழுத்து வளைத்து உலரவிட்டால் புதிய இடத்தில் புதிய பிணைப்புகள் உண்டாகி, வளைத்த வடிவிலேயே நின்றுவிடும். அச்சுக்கருவியால் அழுத்தினால் பூவேலை பதிவதும் இதனால்தான். குரோம் தோல் வளைந்து கொடுக்கும், பிறகு பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

சேணத்துக்கு வேண்டிய தோல் 5 முதல் 6 மில்லிமீட்டர் தடிமன். இங்கே இயற்பியல் குறுக்கே வருகிறது. சாறு தோலுக்குள் ஊடுருவ ஆகும் நேரம், தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஒன்றரை மில்லிமீட்டர் தோலைவிட 6 மில்லிமீட்டர் தோலுக்கு நான்கு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு நேரம் வேண்டும். வலுவான சாற்றில் முதலிலேயே போட்டால் மேற்பரப்பு மட்டும் இறுகி உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். அதனால் நீர்த்த சாற்றில் தொடங்கித் தொட்டிக்குத் தொட்டி வலுவைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். வாரக்கணக்காகும் வேலை. இவ்வளவு தடிமன் நம் நாட்டுப் பசுந்தோலில் எளிதில் கிடைக்காது. சேணத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற கான்பூரில் எருமைத்தோலைப் பயன்படுத்துகிறார்கள். கனம் உண்டு, மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பு. நுணுக்கமான பூவேலை அதில் அவ்வளவு தெளிவாக விழாது.

பட்டை என்றதும் சுற்றுச்சூழலுக்குப் பாதகமில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் மாசு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் வழங்கிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். பட்டைச்சாற்றுக் கழிவில் குரோமியம் இல்லை. ஆனால் அது ஆற்று நீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். இரண்டு முறைக்கும் சுத்திகரிப்பு தேவை.

எந்த உறுப்புக்கு எந்தத் தோல்

ஒரு சேணத்துக்கு மாட்டின் இரண்டு பாதித்தோல்கள் வரை செலவாகும். எதை எங்கே வெட்டுவது என்பதையும் விசைதான் சொல்லும். முதுகுப் பகுதியில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். வயிற்றுப் பகுதியில் தளர்ந்து, இழுத்தால் நீளும். சவாரி செய்பவர் அங்கவடியில் ஊன்றி எழும்போது முழு எடையும் அங்கவடி வாரில் தொங்குகிறது. அந்த வார் முதுகெலும்பை ஒட்டி, நீளவாக்கில் வெட்டியதாக இருக்க வேண்டும். வெட்டியதை நனைத்து எடை கட்டித் தொங்கவிட்டு, நீள வேண்டியது முன்னமே நீண்டுவிடும்படி செய்கிறார்கள். இல்லாவிட்டால் ஒரு மாதச் சவாரியில் ஒருபக்க வார் மறுபக்கத்தைவிட நீண்டு, உட்காருகிறவர் சாய்ந்து, எடை முழுவதும் ஒரே பலகைக்குப் போய்விடும். குதிரையில் ஏறுவது வழக்கமாக இடப்பக்கம் என்பதால் அந்தப் பக்க வாருக்குத்தான் முதலில் இந்தக் கதி.

வேலை உள்ளிருந்து வெளியே நடக்கும். முதலில் சட்டத்தின் நடுவே ஒரு தகடு, அதன்மேல் அடுக்கடுக்காகத் தோல் ஒட்டிச் சீவி இருக்கையின் பள்ளத்தை உருவாக்குவார்கள். பிறகு வயிற்றுவார் வளையங்கள், பலகைகளை மூடிப் பரவும் கீழ்த்தோல், முன்வளைவின் உறை, பின்வளைவின் உறை, கடைசியாக இருக்கைத்தோல். அடியில் முதுகைத் தொடும் இடத்தில் மயிரோடு பதனிட்ட செம்மறித்தோல். இங்கே ஒரு சிக்கல்: ஆந்திராவின் நெல்லூர்ச் செம்மறியும் நம் மேச்சேரிச் செம்மறியும் கம்பளி மயிர் இல்லாத இனங்கள். அடர்ந்த கம்பளித்தோலுக்கு நீலகிரிச் செம்மறி போன்ற கம்பளி இனங்களையோ தடித்த கம்பளி விரிப்பையோ தேட வேண்டும்.

தைப்பது கையால்தான். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தோய்ந்த ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோர்த்து, இரண்டையும் ஒரே துளை வழியாக எதிரெதிராகச் செலுத்துவார்கள். தையல் இயந்திரத்தில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கின்றன; ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாக உருவிக்கொண்டு வரும். இரட்டை ஊசித் தையலில் ஒவ்வொரு துளையிலும் இரண்டு நூல்கள். ஒன்று தேய்ந்து அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும்.

காளஹஸ்திக் கறுப்பு

சேணத்துக்குக் கறுப்பு நிறம் வேண்டுமானால் சாயக்கடைக்குப் போகத் தேவையில்லை. காளஹஸ்திக் கலம்காரிக் கலைஞர்கள் துணியைக் கடுக்காய் கலந்த எருமைப்பாலில் தோய்த்து உலர்த்துகிறார்கள். இரும்புத் துண்டுகளை வெல்லநீரில் சில வாரங்கள் புளிக்கவைத்து எடுத்த காசிமி என்ற திரவத்தால் அதன்மேல் கோடு இழுக்கிறார்கள். கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்து, காற்றுப் பட்டதும் கரைந்துபோகாத கறுப்பாகின்றன. பட்டைத்தோலில் டானின் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. ஆகவே கடுக்காயே வேண்டாம். இரும்புக்கரைசலைத் தடவினால் தோல் அங்கேயே கறுக்கும். மேற்கத்தியத் தோல் வேலைக்காரர்கள் காடியில் இரும்பை ஊறவைத்துச் செய்வதும் இதே வேதியியல்தான். தடவியபின் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து அமிலத்தை முறிக்க வேண்டும். விட்டுவிட்டால் நாளடைவில் தோல் வெடிக்கும்.

இதே காரணத்தால் துருப்பிடிக்கும் இரும்பு வளையங்களைச் சேணத்தில் போடக் கூடாது; ஐப்பசி மழையில் ஒருநாள் நனைந்தால் சுற்றிலும் கறுப்பு வட்டம் விழும். பித்தளையோ துருவேறா எஃகோ நல்லது. மழைக்காலத்தில் பட்டைத்தோல் பூசணம் பிடிக்கும். அளவாக எண்ணெய் போட்டு, காற்றாட, நிழலில் வைக்க வேண்டும்.

பரீட்சை

செய்துமுடித்த சேணம் தேறியதா என்று சொல்லும் சாட்சி, குதிரையின் வியர்வை. அரைமணி நேரம் சவாரி செய்துவிட்டுச் சேணத்தை இறக்கிப் பார்க்க வேண்டும். பலகை படிந்த இடமெல்லாம் ஒரே சீராக ஈரமாகவும், நடுத்தண்டின் மேல் காய்ந்தும் இருந்தால் எடை பரவலாக இறங்கியிருக்கிறது. ஈரத்துக்கு நடுவே உலர்ந்த தீவு தெரிந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். அங்கே அழுத்தம் மிகுந்து இரத்த ஓட்டம் குறைந்து வியர்வைச் சுரப்பி நின்றிருக்கும், அல்லது சேணம் அங்கே தொடவே இல்லை. மயிர் நசுங்கிப் படிந்திருந்தால் முதலாவது. குலையாமல் நின்றிருந்தால் இரண்டாவது. தொட்டுப் பார்க்கும்போது குதிரை முதுகை உள்வாங்கி விலகினால் மேற்கொண்டு சவாரி செய்யாமல் அந்தச் சேணத்தை ஒதுக்கிவைக்க வேண்டும்.

கம்பளி விரிப்பை இரட்டையாகப் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் ஏற்கெனவே குறுகலாக இருந்தால் விரிப்பு கூடக்கூட நெருக்கமும் கூடும். சட்டத்தின் பிழையைத் தோலாலும் கம்பளியாலும் திருத்த முடியாது. ஆகவே முதல் சேணத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பங்கு சட்டத்துக்கும் முதுகெலும்பை ஒட்டிய நல்ல தோலுக்கும் போகட்டும். கொம்பைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். பூவேலையை இரண்டாவது சேணத்துக்கு வைத்துக்கொண்டாலும் குதிரைக்கு ஆட்சேபம் இருக்காது.